அறுகும் தேயிலையும்: உறவுமுறை காட்டும் குறிகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். தலைப்பு என்ன என்று தலைவி அக்கா தொலைபேசியில் கேட்டபோது, "புல்" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளைகளுக்கு விளங்கினால் சரி" என்றார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். விளங்காவிட்டால் அவர்கள் கையை உயர்த்தலாம்.

புல் என்று நான் சொல்வது அறுகை. நம் வீடுகளில் அது பிள்ளையாருக்கு உரியது. மஞ்சளிலோ சாணத்திலோ பிள்ளையார் பிடித்து, உச்சியில் இரண்டு அறுகைச் செருகாமல் எந்த நல்ல காரியமும் தொடங்குவதில்லை. மணமக்களையும் அறுகுபோல் வேரூன்றி வாழச் சொல்லித்தான் வாழ்த்துகிறோம். இதே புல்லை மேல்நாட்டார் பெர்முடாப் புல் என்கிறார்கள். பெர்முடாத் தீவு அதன் பிறந்த மண் அல்ல, பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வெப்பமான நாடுகளில் விளையாட்டு மைதானங்களிலும் கொல்ப் திடல்களிலும் பச்சைக் கம்பளமாக விரிந்து கிடப்பது பெரும்பாலும் அறுகும் அதன் கலப்பினங்களும்தான்.

வேரூன்றி என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அறுகின் தண்டு நிலத்தோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றினால் அதுவும் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு மைதானம் முழுக்க இலட்சக்கணக்கான புற்களா இருக்கின்றன, அல்லது ஒரே ஒரு புல்லா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் இன்று பேச வந்த விஷயம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பேர்ட்டன் என்ற தாவர விருத்தியாளர் இருந்தார். அவருடைய நிலையத்திலிருந்து 1956இல் டிஃப்கிரீன், 1960இல் டிஃப்வே என்ற இரண்டு கலப்பினப் புற்கள் வெளிவந்தன. நம் அறுகுக்கு வழக்கமாக 36 நிறமூர்த்தங்கள். அதன் தென்னாபிரிக்க உறவுப் புல்லுக்கு 18. இரண்டும் கலந்த பிள்ளைக்கு 27. இருபத்தேழைச் சோடி சோடியாகப் பிரிக்க முடியாது. அதனால் அந்தப் புல்லில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. துண்டு துண்டாக வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். நாடு நாடாகப் போன டிஃப்வே எல்லாம் ஒரே புல்லின் துண்டுகள்தான்.

அதில் ஒரு தொல்லை வந்தது. சில வருடங்கள் கழிந்ததும் ஒரே சீராக இருந்த திடலில் வேறு நிறத்தில், வேறு உயரத்தில் திட்டுத் திட்டாகப் புல் தெரிந்தது. வாங்கியவர்கள் விற்றவர்களைக் குறை சொன்னார்கள். விற்றவர்கள், "எங்கள் புல் சுத்தம், உங்கள் நிலத்தில் பழைய புல் இருந்திருக்கும்" என்றார்கள். மூன்றாவது சாத்தியமும் உண்டு. அதே புல்லே தன்னுள் மாறியிருக்கலாம். 1965இல் வெளிவந்த டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டைப் புல், டிஃப்கிரீனில் தானாக ஏற்பட்ட விகாரத்தால் வந்ததுதான். கலப்படமா, விகாரமா, பழைய புல்லா? வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியாக வந்தவைதான் மூலக்கூற்றுக் குறிகள்.

கொவிட் காலத்துக்குப் பிறகு இதை விளக்குவது எனக்குச் சுலபமாகிவிட்டது. பி.சி.ஆர். என்ற சொல்லைத் தெரியாத வீடு இன்று பதுளையில் இல்லை. டி.என்.ஏ.யில் நமக்கு வேண்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கும் முறை அது. கேரி முல்லிஸ் 1983இல் யோசித்தார், 1993இல் நோபல் பரிசு பெற்றார். மூக்கில் எடுத்த சளியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க உதவிய அதே முறையை இலைக்கும் பயன்படுத்தலாம்.

டி.என்.ஏ.யில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பாசிமணி மாலையில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோத்ததுபோல. ஒருவருக்கு அந்த இடத்தில் 12 தடவை, இன்னொருவருக்கு 17 தடவை. பிள்ளைக்கு ஒரு மாலை தாயிடமிருந்து, ஒரு மாலை தந்தையிடமிருந்து. இப்படிப் பத்திருபது இடங்களில் மணிகளை எண்ணினால், இரண்டு செடிகள் ஒன்றேதானா, தாயும் பிள்ளையுமா, தூரத்து உறவா, உறவே இல்லையா என்று சொல்லிவிடலாம். இதற்கு எஸ்.எஸ்.ஆர். குறிகள் என்று பெயர். இதைத் தவிர 1990 அளவில் ராப்ட் என்ற முறையும், 1995இல் ஏ.எஃப்.எல்.பி. என்ற முறையும் வந்தன. அவற்றில் செடிகளின் டி.என்.ஏ. துண்டுகள் ஜெல்லில் கோடுகளாகத் தெரியும், கடைப் பொருளில் இருக்கும் கோட்டுக் குறியைப் போல. எந்தக் கோடு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று ஒப்பிடுவார்கள். புல் ஆராய்ச்சிக்காரர்கள் இந்த மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நீதிமன்றத்தில் தந்தை யார் என்று காட்டுவதும், உருத்தெரியாத உடலை அடையாளம் காண்பதும் இதே மணி எண்ணும் வேலைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிழை. இந்தக் குறிகள் உறவைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. பையில் டி.என்.ஏ. அறிக்கை இருப்பதால் நோய் தீர்வதில்லை என்று நான் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. புல்லுக்கும் அப்படித்தான். ஒரே ஓர் எழுத்து மாறியதால் குட்டையான புல்லை, இருபது இடங்களில் மணி எண்ணும் சோதனை கண்டுபிடிக்காமலே போகலாம்.

சரி, பதுளையில் நின்றுகொண்டு கொல்ப் திடலைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அறுகைத் துண்டு துண்டாக நட்டதைப்போலவே நம் மலைகளிலும் நட்டிருக்கிறார்கள். வி.பி. தேயிலை என்று நாம் சொல்வது அதைத்தான். தாய்ச்செடியின் கிளையை ஒரு இலை, ஒரு கணு என்று வெட்டி, தவறணையில் பொலித்தீன் பையில் ஊன்றி, வேர் விட்ட பின் மலைக்குக் கொண்டுபோகிறார்கள். நாற்றுமேடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த மலையில் ஏக்கர் கணக்கில் நிற்கும் செடிகள் எல்லாம் பரம்பரையலகைப் பொறுத்தவரை ஒரே செடிதான்.

அதற்கு முன்பு இருந்தது விதைத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டதும், பிறகு ஊவாவின் காடுகளையும் பத்தனைகளையும் மூடியதும் விதையிலிருந்து வந்த செடிகள். தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அயல் செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. அசாம் இனம், சீன இனம், கம்போடிய இனம் எல்லாம் கலந்து, ஒரு மலையில் பத்தாயிரம் செடிகள் நின்றால் பத்தாயிரம் தனி ஆட்கள்.

இது கொழுந்து பறிப்பவர்களுக்கு எந்த ஆய்வுகூடமும் இல்லாமலே தெரியும். என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஓர் அம்மா, முப்பத்தைந்து வருடம் ஒரே தோட்டத்தில் பறித்தவர், ஐந்தாம் நம்பர் மலையைப் பற்றி ஊர்ச் சனத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். "வாய்க்கால் ஓரத்துச் செடி எல்லாத்துக்கும் முந்திக் கொழுந்து விடும். பாறைக்குப் பக்கத்துல ஒண்ணு, காச்சக் காத்துல எல்லாம் கருகிக் கெடக்கும்போதும் அது மட்டும் பச்சையா நிக்கும்." வி.பி. மலையைப் பற்றிக் கேட்டேன். "அங்க என்னம்மா பேச இருக்கு, எல்லாம் ஒண்ணுதானே" என்றார். பரம்பரைப் பல்வகைமை என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பதை இதைவிட நன்றாக நான் எங்கும் கேட்டதில்லை.

வி.பி. தேயிலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது விதைத் தேயிலையைவிட அதிகம் விளைச்சல் தருகிறது. 1950களின் பிற்பகுதியில் மீள்நடுகைக்கு அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியபின் அது பரவியதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டம் நட்டமில்லாமல் நடந்தால்தான் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கேள்வி வேறு: எத்தனை தாய்?

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. அதன் ஊவாப் பிராந்திய நிலையம் நமக்குப் பக்கத்தில், பசறையில். அந்த நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2023, 2024, 2025, 2026 ஆகியவற்றின் பெயர்களை இங்கே பல அக்காமார் கேட்டிருப்பீர்கள். 2025 மலைநாட்டில் மிகப் பரவலாக நடப்பட்டது. எண்கள் வேறு வேறு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் தாய் ஒன்று. 1930களில் வெளியிலிருந்து தருவித்த விதையில் முளைத்த, ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே செடி. தந்தை யார் என்பது காற்றுக்கும் வண்டுக்கும் மட்டும் தெரிந்தது. அதற்குப் பின் வந்த கலப்புகள் பலவற்றிலும் அதே தாயின் வழி சேர்ந்திருக்கிறது. பதிவேட்டில் இருந்த இந்தக் கதையை, இலங்கை ஆய்வாளர்கள் முதலில் ராப்ட் முறையாலும் பின்னர் எஸ்.எஸ்.ஆர். முறையாலும் சோதித்தபோது, ஏ.எஸ்.எம். 4/10 வழி வந்தவை ஒரே குடும்பமாகத் திரண்டு நின்றன. மலையில் பத்துப் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பத்துக் குடும்பம் இருக்கிறது என்று நினைக்க முடியாது. டிரேட்டன் தோட்டத்தில் தெரிவான டி.டி. 1 போல, தோட்டங்களே தம் பழைய விதைச் செடிகளில் தேர்ந்தெடுத்த வகைகளும் உண்டு. தமிழ்நாட்டில் வால்பாறையில் இருக்கும் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் தென்னிந்திய வகைகளை ஏ.எஃப்.எல்.பி. முறையில் ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டது. நம்முடைய கேள்வி அவர்களுக்கும் இருக்கிறது.

இந்த வேலை சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புல்லை அரைத்தால் டி.என்.ஏ. எளிதில் வரும். தேயிலை இலையில் பொலிபீனோல்கள் நிறைய உண்டு. தேநீருக்குத் துவர்ப்பும் நிறமும் தருபவை அவை. இலையை அரைத்தவுடன் அவை டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். திரவ நைதரசனில் உறையவைத்து, தனி இரசாயனங்கள் சேர்த்துப் பிரிக்கிறார்கள். தேயிலையின் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். மனிதருக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். பறிப்பவளும் செடியும் இந்த விஷயத்தில் ஒரே கனம்.

எத்தனை தாய் என்ற கேள்வி ஏன் பயமுறுத்த வேண்டும்? பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாக ஒரு நோய் இலங்கையில் முதன்முதல் கவனிக்கப்பட்டது மடுல்சீமையில். இங்கிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்கும் அதே மடுல்சீமை மலை. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது, அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். ஒரே பயிரை மலைக்கு மலை இடைவெளியில்லாமல் நட்டதுதான் நோய்க்கு வழிவிட்டது என்று கண்டார். அராபிக்காக் கோப்பி தன் பூவைத் தானே கருக்கட்டும் செடி, ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. ஒன்றைக் கொன்ற நோய் எல்லாவற்றையும் கொன்றது. இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்துபோயிற்று. துரைமார் திவாலாகிப் போனதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலையும் சம்பளப் பாக்கியும் இல்லாமல் திரும்பி நடந்த நம் சனத்தைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்.

தேயிலையில் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. அப்போது மலைகளில் நின்றது விதைத் தேயிலை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி வீழவில்லை, சில தாங்கி நின்றன. மருந்தடித்தும் தாங்கும் செடிகளைத் தேர்ந்தும் தேயிலை பிழைத்தது. அடுத்த நோய் வரும்போது, அல்லது அடுத்த நீண்ட வரட்சியில், பாறைக்குப் பக்கத்தில் பச்சையாக நிற்கும் அந்த ஒரு செடி நமக்குத் தேவைப்படும். அது இருக்க வேண்டுமே!

அது போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் பண்டாரவளைக்கோ ஹப்புத்தளைக்கோ போகும்போது தேயிலை மலைக்கு நடுவே ஒரு துண்டு முழுக்க உயரமாக மானாப்புல் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய பின் மண்ணைத் தேற்றுவதற்காக 18 முதல் 24 மாதம் வரை மானாவோ குவாத்தமாலாப் புல்லோ வளர்ப்பார்கள். பிறகு வி.பி. கன்று. நல்ல விவசாய முறைதான். ஆனால் அந்த மானாவைக் கண்டால், அங்கே நின்ற நூறு வயதுச் செடிகள் விறகாகிவிட்டன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கவனிப்பாரற்றுக் காடாகும் மலைகளும் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையம் பல வகைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது, அது அரிய சேவை. ஆனால் ஒவ்வொரு மலையின் ஒவ்வொரு செடியையும் அவர்கள் அறிய வழியில்லை. அறிந்தவர்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

ஊவாத் தேயிலையின் மணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் செடி வாட, இலையில் மெதைல் சலிசிலேற்று என்ற பொருள் கூடுகிறது. நாம் முழங்காலுக்குப் பூசும் வலித் தைலத்தின் வாசனையும் அதே பொருள்தான். காற்று காரணமா, செடி காரணமா என்று கேட்டால் இரண்டும் என்பேன். ஒரே காற்றில் எல்லாச் செடியும் ஒரே அளவு மணப்பதில்லை. எந்தச் செடி என்று தேடுவதற்கும் முதலில் செடிகள் பலவாக இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர் கையில். அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் 2025 என்று நம்பிக் கன்று வாங்குகிறார். தவறணையில் பெயர்ப்பலகை மாறியிருந்தால் அவருக்குத் தெரிய வருடங்கள் ஆகும். நட்ட செடி முப்பது நாற்பது வருடம் நிற்கும். கொல்ப் திடல்காரர்கள் புல்லுக்குச் செய்துகொண்ட சோதனையை ஏழைச் சிறுதோட்டக்காரருக்கும் செய்துகொடுக்கலாம். தாய்ச்செடியிலேயே ஒரு தடவை சோதித்துச் சான்று கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் வைத்தியர் என்ற உரிமையில் சற்று விலகிப் பேசுகிறேன். நம் மாவட்டம் தலசீமியா அதிகம் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. காவிகளாக இருக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டிவரும். அத்தை மகனை, மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை, என் வீட்டிலும் உண்டு. ஆனால் ஒரே பாட்டியின் வழி வந்த இருவரிடம் ஒரே மறைந்த பரம்பரையலகு இருக்கும் வாய்ப்பு கூடுதல். சாதகம் பார்க்கும் முன் இரத்தத்தைப் பாருங்கள். அரச வைத்தியசாலையில் காசு இல்லாமல் செய்துகொள்ளலாம். தங்கைமாரே, இதை வீட்டில் சொல்ல வெட்கப்பட வேண்டாம். "டொக்டர் அக்கா சொன்னா" என்று என் தலையில் போடுங்கள்.

இனி, நான் கேட்டு வந்ததைக் கேட்கிறேன். நம் கல்லூரிக்குத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இன்றும் நிறைய. உங்கள் அம்மா, அம்மாயி, பெரியம்மா யாராவது விதைத் தேயிலை மலையில் பறித்திருப்பார்கள். விஞ்ஞான மன்றம் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். தோட்டத்தின் பெயர், மலையின் நம்பர், செடி நிற்கும் இடம், அது காய்ச்சலில் எப்படி நிற்கிறது, கொப்புளம் பிடிக்கிறதா, கவ்வாத்துக்குப் பின் எத்தனை நாளில் தளிர்க்கிறது, இதைச் சொன்னவர் யார். சொன்னவரின் பெயரையும் எத்தனை வருடம் பறித்தார் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள், இலையைக் கிள்ளிக்கொண்டு வர வேண்டாம். குறிப்பு சேர்ந்தபின் அதைப் பசறை நிலையத்திடம் காட்டலாம். பதுளையிலேயே 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எந்தச் செடியைச் சோதிப்பது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். சோதனை அவர்கள் வேலை, எந்தச் செடி என்று சொல்வது நம் வீட்டுப் பெண்களின் வேலை.

குறிப்பேட்டுக்கான மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சிட்டு, விஞ்ஞான ஆசிரியையிடம் இருநூறு பிரதி கொடுத்திருக்கிறேன். பழைய மாணவிகள் சங்கத்தின் அக்காமார் தங்கள் தங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு நாள் பிள்ளைகளோடு நடக்க இணங்கினால், கவ்வாத்துக்கு முறை வந்திருக்கும் மலைகளில் முதலில் தொடங்குங்கள். வெட்டிய பிறகு சில காலத்துக்கு எல்லாச் செடியும் ஒரே மாதிரிக் குச்சியாகத்தான் தெரியும்.